ஐப்பசி விருந்தாளிக்கு ஒரு கணக்கு வேண்டும்

குடமுழுக்கு என்றால் டெல்டாவில் ஊரே அண்ணாந்து பார்க்கும். கலசத்தில் புனித நீர் விழும் நேரத்துக்குக் கருடன் வந்து வட்டமிட வேண்டும். வந்துவிட்டால் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மறுநாள் பத்திரிகையில் அதுவே செய்தி. அந்தக் கருடன் செம்பருந்துதான். வருஷம் முழுக்க இங்கேயே இருப்பது. பூம்புகார் மீன்பிடித் துறைமுகத்தில் கழித்துப்போட்ட மீனுக்காகச் சுற்றுவது. அதே ஊருக்கு ஐப்பசிதோறும் மலை, பாலைவனம் தாண்டி வந்து சேரும் பருந்துகளைப் பார்க்கத்தான் ஆளில்லை. இத்தனைக்கும் அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவை பறப்பது நெற்பயிருக்குச் சற்று மேலே.

பூனைப்பருந்துகள் அவை. நடு ஆசியாவின் புல்வெளிகளிலும் நாணல் சதுப்புகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபரில் இந்தியாவுக்குள் இறங்குகின்றன. மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். பூம்புகாரிலிருந்து சீர்காழிக்கோ மயிலாடுதுறைக்கோ போகிறவர்கள், மழை விட்ட ஒரு காலையில் சம்பா வயலோரம் வண்டியை நிறுத்தினால் சேற்றுப் பூனைப்பருந்து கண்ணில் பட வாய்ப்புண்டு. பெட்டைக்கு உடம்பெல்லாம் அடர் பழுப்பு, தலையில் மட்டும் வெளிர் மஞ்சள். சிறகுகளை லேசாக மேல்தூக்கி வைத்துக்கொண்டு, அடிக்காமலே மிதந்து வரும். அது வருமுன்பே கொக்குகள் கலைந்து எழும். சட்டென்று காற்றில் தயங்கும், நீண்ட கால்களைத் தொங்கவிடும், பயிருக்குள் விழும். பல தடவை வெறுங்காலோடுதான் எழுந்து வரும். கிட்டத்தில் பார்த்தால் முகம் ஆந்தை முகம்போல் வட்டமாக இருக்கும். அந்த வட்டம் ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்புகிறது. பயிருக்குள் எலி அசையும் சத்தமே பூனைப்பருந்துக்குப் பாதி வழி காட்டிவிடும்.

அகலச் சிறகுள்ள கழுகுகளின் பயணம் வேறு மாதிரி. வெயிலேறி நிலம் சூடானதும் மேலெழும் காற்றில் சுற்றிச் சுற்றி ஏறி, அங்கிருந்து சறுக்கிக்கொண்டே அடுத்த காற்றுத் தூணுக்குப் போகும். கடல்மேல் அந்தக் காற்று கிடைப்பது அரிது. அதனால் கூடுமானவரை கரையை ஒட்டியே போகும். கிழக்குக் கரையில் அப்படித் தெற்கே போனால் நிலம் முடிகிற இடம் கோடியக்கரை. 1967இல் சரணாலயமான அந்த இடத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது. ஆனால் கோடியக்கரை என்றதும் மக்களுக்கு நினைவு வருவது பூநாரை மட்டும்தான்.

மலேசியாவில் போர்ட் டிக்சனுக்குப் பக்கத்தில் தஞ்சோங் துவான் என்று ஒரு முனை உண்டு. மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் அங்கேதான் கரையேறுகின்றன. 2000ஆம் ஆண்டு முதல் மலேசிய இயற்கைக் கழகம் அதை ஒரு திருவிழாவாகவே நடத்துகிறது. கலங்கரை விளக்கத்தடியில் நின்று தன்னார்வலர்கள் தலை எண்ணுகிறார்கள். இந்திர விழா கொண்டாடிய ஊருக்கு இது கற்றுத்தர வேண்டிய சங்கதியா?

இங்கே கணக்கு எடுக்கப்படாமல் இல்லை. ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒழுங்காக நடக்கிறது. அது ஏரி, சதுப்பு, கழிமுகம் ஆகியவற்றுக்கானது. தனியார் வயல்மேல் பறக்கும் பருந்து அதில் சேர்த்தியில்லை. வேளாண் துறைக்கோ எலிதான் கண்ணுக்குத் தெரிகிறது, எலி தின்னி தெரிவதில்லை. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டமும் நிலத்தைப் பற்றியதுதான்.

எலி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் பொறியை இந்த வட்டாரத்து விவசாயிக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டாம். கிட்டியில் விழுந்த எலியால் எந்தப் பறவைக்கும் கெடுதல் இல்லை. ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை என்று அதன் இடத்தில் மருந்து வைத்தால் நிலைமை மாறுகிறது. புரோமாடியோலோன் போன்ற மருந்து ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்வது. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். பருந்துக்கும் கூகைக்கும் அதைவிட எளிய இரை உண்டா? விஷமும் கூடவே உள்ளே போகும். சம்பா பருவத்தில் கிட்டிக்காரருக்கு அரசு மானியம் தருவது எலிக்கும் கணக்குத் தீர்க்கும், பறவையையும் விட்டுவைக்கும்.

பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊரின் பெருமையைச் சொல்லும்போது முதலில் வருவது புறாவின் துயர் தீர்த்த சோழன் கதை. எல்லாரும் புறாவையே நினைவில் வைத்துக்கொண்டார்கள். பருந்தின் பசியும் ஞாயமானது என்று அரசன் ஒப்புக்கொண்டதால்தானே தராசு வந்தது!

வேட்டைப் பறவைகளுக்கென்று வண்டலூரில் ஓர் ஆய்வு அமைப்பை நிறுவ மாநில அரசு ஆணையிட்டிருக்கிறது. அதன் கவனம் முதலில் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறு கழுகுகள் பக்கம் போவது இயல்பு. டெல்டாவுக்கும் ஒரு பங்கு வர வேண்டும். கூகைகள் கக்கிய உருண்டைகளைப் பிரித்து, அவை எத்தனை எலி தின்கின்றன என்று ஆராய்ந்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. மேலையூரில் பூம்புகார் கல்லூரி இருக்கிறது.

பூனைப்பருந்தை எண்ணுவது பெரிய வித்தையும் அல்ல. மரத்தில் அடையாது, பொழுது சாயும் நேரம் புல்தரையிலோ நாணலிலோ கூட்டமாக வந்து இறங்கும். குஜராத்தின் வேளாவதரில் அப்படி அடையும் கூட்டம் உலகப் பிரசித்தம். அங்கே கிடந்த உருண்டைகளைப் பிரித்துத்தான் அவை வெட்டுக்கிளிகளைத் தின்று தீர்ப்பது தெரியவந்தது. சீர்காழி, தரங்கம்பாடிக் கரையோரத்தில் அவற்றுக்கு ஏற்ற புல்வெளி எல்லாம் கிராமக் கணக்கில் தரிசு, புறம்போக்கு. இறால் பண்ணைக்கு முதலில் கேட்கப்படுவதும் அதுதான். அடுத்த ஐப்பசியில் நான்கு மாணவர்கள், ஒரு பைனாகுலர், சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை நேரம் ஒதுக்கினால் எந்தப் புல்வெளியை விட்டுவைக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்குப் பட்டியல் போட்டே கொடுத்துவிடலாம்.