வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கம்

கலிஃபோர்னியாவில் தேர்தல் வந்துவிட்டால் ஜனாதிபதி யார், கவர்னர் யார் என்றுதான் எல்லார் வீட்டிலும் விவாதம். தபாலில் வரும் வாக்குச்சீட்டில் பெரிய பதவிகளுக்கு மட்டும் ஓட்டுப் போட்டுவிட்டு, அப்பாடா என்று உறையை ஒட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். கடைசிப் பக்கத்தில் 'மெஷர்' என்று ஆரம்பித்து ஒரு கேள்வி இருக்கும். உள்ளூர் அரசுப் பள்ளிகளுக்காக மனை ஒன்றுக்கு வருடம் இத்தனை டாலர் வரி போடலாமா, வேண்டாமா? இதற்குப் பார்சல் டாக்ஸ் என்று பெயர். பக்கத்துத் தெருப் பள்ளியில் அடுத்த வருடம் லைப்ரரியன் இருப்பாரா, பாட்டு டீச்சர் இருப்பாரா என்பதெல்லாம் சில ஊர்களில் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். சென்னையில் சொத்து வரியோடு கல்வி வரியும் சேர்ந்தே போய்விடுகிறது. கட்டுகிறவர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "உன்மேல் வரி போடட்டுமா?" என்று அங்கே யாரும் வந்து கேட்பதில்லை. கேட்டால் யார்தான் போடு என்பார்கள்?

கலிஃபோர்னியாவில் கேட்கிறார்கள். காரணம் 1978 ஜூனில் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 13ஆவது பிரேரணை. சொத்து வரி, வீட்டின் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது; அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது; வீடு கைமாறினால்தான் சந்தை விலைக்குத் திருத்தலாம். இதன் விளைவைப் பாருங்கள். 1980ல் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டின் மதிப்பு, வரிக் கணக்கில் 45 வருடம் கழித்தும் இரண்டரை லட்சத்தைத் தொடாது. வரி சுமார் 2,440 டாலர். அதே மாதிரி வீட்டை எதிர்ப்பக்கத்தில் புதிதாகப் பதினைந்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கியவருக்கு வரி 15,000. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் போவது ஒரே பள்ளிக்கு!

இதனால் பள்ளிகள் மாநில அரசின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. மாநிலமோ பணக்காரர்களின் வருமான வரியை நம்பி இருக்கிறது. பங்குச் சந்தை விழுந்தால் பள்ளிக்கூடமும் விழும். 2008க்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு வேலை நீக்க நோட்டீஸ் போனது இப்படித்தான்.

சரி, ஊரே சேர்ந்து கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம் என்றால் அங்கேதான் சிக்கல். பள்ளி போர்டு கொண்டுவரும் பார்சல் டாக்ஸ் ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 100 பேர் ஓட்டுப் போட்டு 66 பேர் வேண்டும் என்றாலும் தோல்விதான். ஒரு 'நோ'வுக்கு ஈடுகட்ட இரண்டு 'யெஸ்' தேவை. மனதுக்குள் ஆதரவாக இருந்துகொண்டு கடைசிப் பக்கத்தைக் காலியாக விடுகிறவரால் எதிராளிக்குத்தான் லாபம்.

கட்டடத்துக்கான கடன் பத்திரங்களுக்கு மட்டும் 2000 நவம்பரில் இந்த வரம்பை 55 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் அந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்கக்கூடாது. புது சயன்ஸ் லேப் கட்டலாம், அதில் பாடம் நடத்த ஆள் வைக்க முடியாது. (இதை யோசித்தவர்களுக்குக் கோயில் கட்டி வைக்கலாம்!)

லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கதை ஒன்று உண்டு. 2019 ஜனவரியில் ஆசிரியர்கள் கொட்டும் மழையில் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வகுப்பில் கூட்டம் குறைய வேண்டும், எல்லாப் பள்ளியிலும் நர்ஸ் வேண்டும் என்பது கோரிக்கை. ஊர் பெரும்பாலும் அவர்கள் பக்கம் நின்றது. ஐந்தே மாதம் கழித்து, ஜூனில், அதற்கெல்லாம் பணம் திரட்ட 'மெஷர் இஇ' என்ற பார்சல் டாக்ஸ் ஓட்டுக்கு வந்தது. கிடைத்த ஆதரவு சுமார் 46 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு எங்கே, இது பாதிகூட இல்லை. ஓட்டுப் போட வந்தவர்களே கொஞ்சம் பேர்.

எதிர்ப்பவர்கள் எல்லாரும் பள்ளிக்கு விரோதிகள் அல்ல. பென்ஷனில் காலம் தள்ளும் பெரியவருக்கு இருநூறு டாலரும் பெரிசுதான். பல ஊர்களில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் விண்ணப்பம் போட்டால்தான். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இதைச் சொல்லிவிட்டால் ஒரு 'நோ' குறைய வாய்ப்புண்டு. இன்னொரு குறை நியாயமானது: பல ஊர்களில் பெரிய கம்பெனி வளாகமும் சின்ன வீடும் மனைக்கு ஒரே தொகைதான் கட்டுகின்றன. வணிகச் சொத்துக்களைச் சந்தை விலைக்கு மதிப்பிடலாம் என்ற 15ஆவது பிரேரணை 2020ல் வந்தது; 52 சதவீதம் பேர் வேண்டாம் என்று தோற்கடித்துவிட்டார்கள். நல்ல கதவைச் சாத்தியாகிவிட்டது. மிச்சம் இருப்பது இந்தச் சந்துதான்.

"எனக்குப் பள்ளிக்குப் போகிற பிள்ளை இல்லையே" என்பது மட்டும் தமிழர் வாயில் வரக்கூடாத வார்த்தை. வளைகுடாப் பகுதியில் வீடு வாங்கி உட்கார்ந்திருப்பவர்களில் அரசுப் பள்ளியில், அரசு உதவி பெறும் பள்ளியில், அரசு இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கட்டிய ஃபீஸ் எவ்வளவு, ஆன செலவு எவ்வளவு? மீதியைக் கட்டியவர்களில் பிள்ளையே இல்லாதவர்களும் உண்டு. தீப்பெட்டி வாங்கியபோது கொடுத்த விற்பனை வரியில் அதுவும் போயிற்று. யாரும் அவர்களைக் கேட்கக்கூட இல்லை.

ஹெச்1பி விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களும் வரி கட்டுகிறார்கள், பிள்ளைகள் அதே பள்ளியில் படிக்கிறார்கள். இந்த மெஷர்களில் ஓட்டுப் போட முடியாது. முடிந்தவர்கள் குடியுரிமை வாங்கியவர்களும், அங்கேயே பிறந்து 18 வயதைத் தாண்டிய பிள்ளைகளும்தான். சொந்த வீடு இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை, வாடகைக்கு இருப்பவருக்கும் ஓட்டு உண்டு. பள்ளி போர்டு பணத்தை வீணடிக்கும் என்ற பயம் இருந்தால், கணக்குக் கேட்க அந்த போர்டு உறுப்பினர்களுக்கும் இவர்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

அடுத்த முறை வாக்குச்சீட்டு வரும்போது கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். பள்ளிக்கான கேள்வி இருந்தால் 'யெஸ்' போடுங்கள். உறைக்கு ஸ்டாம்ப் வேண்டாம். வெளியே கையெழுத்துப் போட மட்டும் மறந்துவிடாதீர்கள். கையெழுத்து இல்லாத ஓட்டை எண்ண மாட்டார்கள்.