இன்ஜினைப் பிரிக்குமுன் விசாரித்தறியுங்கள்



பெங்களூரிலோ மும்பையிலோ தில்லியிலோ ஒரு வாடகை வீட்டில் நீங்கள் குடியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரிலிருந்து உங்கள் அண்ணன் தொலைபேசியில் பேசுகிறார். "தம்பி, டிராக்டர் சரியாக ஓடவில்லை. வண்டி முழுவதும் நடுங்குகிறது, புகை தள்ளுகிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இன்ஜினை இறக்கி முழு வேலை பார்க்க வேண்டும் என்கிறார். அப்பா காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஐப்பசி மழைக்குமுன் உழுதாக வேண்டும். உன்னால் எவ்வளவு அனுப்ப முடியும்?"

உங்களுக்கு முன்பாக இரண்டு வழிகள் தோன்றும். கையிருப்போடு கடனும் வாங்கிச் சேர்த்து அனுப்பிவிடுவது ஒன்று. "பழைய இரும்பை எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுவது மற்றொன்று. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். ஆனால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது விசாரித்தறிவது. ஸ்பேனர் உங்கள் கையில் இல்லாவிட்டாலும், கேட்கவேண்டிய கேள்விகள் உங்களிடத்தில் இருக்கலாம் அல்லவா? அவற்றையே இம்மாதம் சொல்ல விரும்புகிறேன்.

இன்ஜினுக்கு வேண்டியவை மூன்று

நம் ஊர்களில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய டிராக்டர்களில் மாஸ்ஸி பெர்குசன் 1035 முக்கியமானது. 1960-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்தது. அதில் இருப்பது 3 சிலிண்டர் கொண்ட சிம்ப்சன் டீசல் இன்ஜின். மூன்று பேர் சேர்ந்து தூக்கிச் செல்லும் பாரத்தை ஒருவர் விட்டுவிட்டால், மற்ற இருவரும் தள்ளாடுவார்கள். அப்படியே, மூன்றில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமற்போனால் வண்டி முழுவதும் நடுங்கும். ஆகையால் நடுக்கத்தின் அளவைக் கண்டு, இன்ஜின் முழுவதும் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை.

டீசல் இன்ஜினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக் கிடையாது. ஜெர்மனி தேசத்தில் ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டு வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய தத்துவம் இதுவே: காற்றை மிகவும் நெருக்கினால் அது பழுக்கக் காய்ச்சியதுபோல் சூடேறும், அந்தச் சூட்டிலே தெளிக்கப்படும் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே இந்த இன்ஜினுக்கு வேண்டியவை மூன்றே. ஒன்று, காற்றும் தண்ணீரும் கலவாத சுத்தமான டீசல். இரண்டு, அந்த டீசல் ஏற்ற நேரத்தில் பனிபோல் தெளிக்கப்படுதல். மூன்று, சிலிண்டருக்குள் காற்று கசியாமல் நெருக்கப்படுதல்.

இப்போது கவனியுங்கள். லைனர், பிஸ்டன், ரிங் என்று எல்லாவற்றையும் மாற்றும் முழு வேலை இந்த மூன்றாவது குறைக்கே மருந்து. குறை முதலாவதிலோ இரண்டாவதிலோ இருக்குமானால், பணமெல்லாம் செலவழித்த பின்பும் வண்டி முன்போலவே நடுங்கும். மெக்கானிக் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. செலவு குறைந்த சோதனைகளை முதலாவது செய்து முடியுங்கள் என்றே சொல்லுகிறேன்.

முதலாம் கேள்வி: எப்பொழுது ஆரம்பித்தது?

நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று நடுங்குகிறதா? அல்லது சில வருஷங்களாகவே சிறுகச் சிறுக பலன் குறைந்து வந்ததா? தேய்மானம் ஒரே இரவில் வருவதில்லை. டேங்க் காலியாகி நின்றபின், ஃபில்டர் மாற்றியபின், பல மாதங்கள் ஓட்டாமல் நிறுத்தி வைத்தபின், புதிய டீசல் ஊற்றியபின் திடீரென்று ஆரம்பித்த கோளாறு என்றால், பெரும்பாலும் டீசல் செல்லும் வழியிலேயே காரணம் இருக்கும்.

இரண்டாம் கேள்வி: புகை என்ன நிறம்?

கறுப்புப் புகை என்றால் டீசல் முழுவதும் எரியவில்லை. காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியாகத் தெளிக்காமல் ஒழுகுகிறது. ஏர் கிளீனரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய டிராக்டர்களில் அதன் அடிக்கிண்ணத்தில் ஆயில் இருக்கும். அது சேறாக இறுகியிருந்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். கழுவி, குறித்த கோடுவரை மட்டுமே புதிய ஆயில் ஊற்ற வேண்டும். அதிகமானால் இன்ஜின் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

வெள்ளைப் புகை, அதுவும் கண்ணை எரிக்கும் டீசல் வாசனையோடு வந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் பற்றாமலே வெளியேறுகிறது. வெள்ளையாக வந்தும் டீசல் வாசனை இல்லாமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. அது தேய்மானத்தின் அடையாளம்.

மூன்றாம் கேள்வி: டேங்கின் அடியில் என்ன இருக்கிறது?

தண்ணீர் டீசலைவிடக் கனமானது. ஆகையால் அடியில் தங்கும். டேங்க் பாதி காலியாக நிற்கும்போது, இரவின் குளிர்ச்சியினால் உள்ளே வேர்க்கும் ஈரமும் சொட்டுச் சொட்டாய் அங்கே சேரும். டேங்கின் அடியிலுள்ள டீசலையும், ஃபில்டர் கிண்ணத்திலுள்ள டீசலையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, சற்று நேரம் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். அடியில் தண்ணீரும் துருவும் தனியே பிரிந்து நிற்குமானால் குற்றவாளி அகப்பட்டது. டேங்கைக் கழுவி ஃபில்டர்களை மாற்றுங்கள்.

டேங்க் மூடியிலும் ஒரு சிறு துவாரம் உண்டு. அது அடைபட்டால் வண்டி சற்றுத் தூரம் நன்றாக ஓடி, பின்பு திணறி நிற்கும். மூடியைத் தளர்த்தியவுடன் சீராகுமானால், ஒரு குண்டூசியே அதற்குப் போதுமான மருந்து.

நான்காம் கேள்வி: குழாயில் காற்று புகுந்திருக்கிறதா?

டீசல் குழாயில் புகுந்த சிறு காற்றுக் குமிழியும் இன்ஜினைத் தடுமாறச் செய்யும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபீட் பம்புக்கு அப்பால், அழுத்தம் உள்ள பக்கத்தில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். ஆனால் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே, பம்பு உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால், வண்டி ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராமல் காற்று உள்ளே போகக்கூடும். "எங்கும் ஒழுகவில்லையே" என்று அண்ணன் சொல்வார். ஒழுகாத இடத்தையும் சோதிக்க வேண்டும். வெடித்த ரப்பர் குழாயையும் நசுங்கிய செம்பு வாஷரையும் மாற்றுவது சொற்பச் செலவே.

அதன்பின் காற்றை எடுக்க வேண்டும். ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையாக வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்தவுடன் திருகை இறுக்க வேண்டும். அடுத்த ஃபில்டர், அதன்பின் பம்பு, கடைசியில் நாசிலுக்குச் செல்லும் குழாய்கள் என்று டேங்கிலிருந்து வரிசையாகவே செல்ல வேண்டும். வரிசை தவறினால் காற்று திரும்பவும் உள்ளே நிற்கும்.

ஐந்தாம் கேள்வி: மூன்றில் எது வேலை செய்யவில்லை?

இதை மெக்கானிக்கே செய்யட்டும். செய்தாரா என்று மட்டும் நீங்கள் கேளுங்கள். வண்டி மெதுவாக ஓடும்போது, ஒரு நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தினால், அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. நன்றாக உழைக்கும் சிலிண்டர் என்றால், உடனே சத்தம் மாறி நடுக்கம் அதிகமாகும். எந்தச் சிலிண்டரில் தளர்த்தியும் ஒரு மாற்றமும் இல்லையோ, அதுவே வேலை செய்யாதது.

பின்பு அதன் நாசிலைக் கழற்றி, நல்ல சிலிண்டரின் நாசிலோடு இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். நாசிலோடு குறையும் இடம் மாறினால், கெட்டது நாசில். பம்பு, நாசில் வேலை பார்க்கும் கடையில் கொடுத்துச் சோதித்துச் சரிசெய்யலாம். குறை பழைய சிலிண்டரிலேயே நின்றுவிட்டால், அந்தச் சிலிண்டருக்குப் பம்பு டீசல் அனுப்புகிறதா என்றும், வால்வு இடைவெளி சரியா என்றும் பார்க்க வேண்டும். நாசிலைத் திரும்பப் பொருத்தும்போது, பழைய செம்பு வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதையும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை

நாசிலிலிருந்து பாயும் டீசலின் அழுத்தம் பயங்கரமானது. அது தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. ஆனால் கையையே இழக்க நேரிடும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அப்படிப் பட்டுவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் சென்று, டீசல் உள்ளே பாய்ந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். கை பிரேக் போட்டிருக்கட்டும். வேட்டியும் துண்டுமாக ஒருவரும் ஃபேன் பெல்ட்டுக்கு அருகில் குனிய வேண்டாம்.

கடைசியாக

இவையெல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் நீங்கவில்லையா? அப்பொழுது கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மிகவும் குறைந்திருந்தால், வால்வோ ஹெட் கேஸ்கட்டோ ரிங்கோ கெட்டிருக்கலாம். மூன்றுமே குறைந்து, ஆயில் ஊற்றி மாளாமல், பிரீதர் குழாயிலும் புகை பொங்கி வருமானால், மெக்கானிக் சொன்னதே சரி. அப்பொழுது முழு வேலைக்குத் தயங்காதீர்கள். விசாரித்தறிந்தபின் செய்யும் செலவு வீண்செலவு அல்ல. நீங்கள் அனுப்பும் பணம் எதற்காகப் போகிறது என்பதை நீங்களும் அறிவீர்கள், அப்பாவும் அறிவார்.

ஆகையால், பிரியமானவர்களே, அண்ணனிடம் "பணம் இல்லை" என்றும் சொல்லாதீர்கள். "இதோ அனுப்புகிறேன்" என்றும் சொல்லிவிடாதீர்கள். "அண்ணா, ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு டிராக்டரிடம் போங்கள், நான் போனிலேயே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். முடிந்தால் போனை அப்பாவின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனையோ வருஷங்களாக அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர் அவர். எது எப்பொழுது மாறியது என்ற முதலாம் கேள்விக்கு, அவரைப்போலப் பதில் சொல்லக்கூடியவர் வேறு ஒருவரும் இல்லை. அவரிடம் யாராவது இதுவரை அதைக் கேட்டார்களா?

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.