ஊர்க் கோர்ட்டில் வாதாட எதற்குப் பத்து லட்சம்?

ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள வரதய்யபாளையம், சத்தியவேடு பக்கம் ஒரு பிள்ளை சட்டம் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் இரண்டு வழிதான் சொல்வார்கள். 'கிளாட்' எழுதித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும். அது கிடைக்காவிட்டால் நிலத்தை அடகு வைத்தாவது விளம்பரத்தில் வரும் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர வேண்டும். ஸ்ரீகாளஹஸ்தி வழியாகப் பஸ் ஏறினால் திருப்பதியில் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன: 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா, 1983இல் பெண்களுக்கென்றே வந்த ஸ்ரீ பத்மாவதி. இரண்டிலும் சட்டப் படிப்பு உண்டு. அந்தப் பேச்சை எடுத்தாலே, "அங்கே படித்தவனை யார் மதிப்பான்?" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

பீஸ் ஏற ஏறப் படிப்பும் உசத்தி என்ற இந்த நினைப்பு வேறு எதற்குப் பொருந்தினாலும் வக்கீல் தொழிலுக்குப் பொருந்தாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம், படித்த கல்லூரியை வைத்து உசத்தி வக்கீல், மட்ட வக்கீல் என்று யாரையும் பிரிப்பதில்லை. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியில் படித்தவரும் திருப்பதியில் படித்தவரும் எழுதுவது ஒரே அகில இந்திய பார் தேர்வைத்தான். அதைத் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுதலாம். வக்கீலாகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், தாழ்த்தப்பட்ட, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஜூலை முதல் தேதி இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அன்று சீனியர், ஜூனியர், பெரிய காலேஜ், சின்ன காலேஜ் என்ற பேதமில்லாமல் எல்லோரும் புதுப் பிரிவு எண்களை முதலிலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கினார்கள்.

இனிக் காசுக் கணக்கு. கிளாட் விண்ணப்பத்துக்கே பொதுப் பிரிவினர் 4,000 ரூபாய் கட்ட வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். இடம் கிடைத்தால் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஐந்து ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். தனியாரில் இன்னும் கூடும். அந்தக் கடனோடு ஒருவன் சத்தியவேடு கோர்ட்டில் ஜூனியராக உட்கார முடியுமா? கிராமப்புறத்தில் ஜூனியருக்கு மாதம் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் சொன்னது. சொன்னது வெறும் சிபாரிசுதான். தாலுகா கோர்ட்டில் ஆரம்ப காலத்தில் கைக்கு வருவது பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் காணும், அவ்வளவே. வங்கித் தவணை காத்திருக்காது. ஆகவே அவன் மும்பையிலோ டெல்லியிலோ ஒரு கம்பெனி சட்ட ஆபீசில் ஒப்பந்தங்களுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பான். அது தப்பான வேலை இல்லை. ஆனால் ஊருக்கு ஒரு வக்கீல் வரட்டும் என்றுதானே நிலத்தை அடகு வைத்தார்கள்?

இந்தப் பக்கத்து வழக்கு எப்படிப்பட்டது என்று பாருங்கள். சத்தியவேட்டைச் சுற்றியுள்ள பல கிராமங்கள் 1960 ஏப்ரல் 1 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. எல்லை மாற்றத்தில் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, இவை ஆந்திரப் பக்கம் வந்தன. ஒரு பாகப்பிரிவினை வழக்கு வந்தால் தாத்தா காலத்துப் பத்திரம் தமிழில் இருக்கும், அப்பா வாங்கிய பத்திரம் தெலுங்கில் இருக்கும், மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கும். நடுவில் அரசு ஒப்படைத்த நிலத்துக்கான டி.கே.டி. பட்டா ஒன்று வந்து நிற்கும். அப்படிப்பட்ட நிலத்தை விற்கக் கூடாது என்று 1977இல் ஆந்திரம் தனிச் சட்டமே போட்டது. ஸ்ரீசிட்டி தொழில் நகரத்துக்காகச் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் நிலம் எடுத்த பிறகு அந்தப் பட்டாவின் ஒவ்வொரு வரிக்கும் காசு மதிப்பு வந்துவிட்டது. இந்த மூன்று மொழிக் கட்டைப் பிரித்துப் படிக்கிறவன்தான் இங்கே நல்ல வக்கீல். அந்தப் படிப்பைப் பத்து லட்சம் கொடுத்தாலும் எந்த வளாகத்திலும் சொல்லித் தரமாட்டார்கள்.

உடனே சிலர் அரசுக் கல்லூரியில் படித்து உயர்ந்தவர்களின் பெயர்களை அடுக்குவார்கள். நானும் அடுக்கலாம். 2013இல் இந்தியாவின் தலைமை நீதிபதியான சதாசிவம் சென்னை அரசு சட்டக் கல்லூரி. 2021இல் அந்த நாற்காலிக்கு வந்த ரமணா நாகார்ஜுனா பல்கலைக்கழகம். 2030இல் அந்தப் பதவிக்கு வரும் வரிசையில் உள்ள கே.வி. விஸ்வநாதன் கோவை சட்டக் கல்லூரி. ஆனால் இதை வைத்து வெற்றி கொண்டாடினால் அது அரைகுறை வாதம். அவர்கள் படித்த நாளில் தேசியச் சட்டப் பள்ளி என்று ஒன்று இயங்கவே இல்லை. பெங்களூரில் முதல் வகுப்பு 1988இல்தான் ஆரம்பம். இந்தப் பட்டியல் ஒன்றை மட்டும் காட்டுகிறது: சாதாரண அரசுக் கல்லூரி யாருடைய வழியையும் மறிக்கவில்லை. இன்றைக்கும் மறிக்காது. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கட்டாயமாக்கியது. தங்கப் பதக்கம் வாங்கியவரும் முதலில் கறுப்புக் கோட்டுப் போட்டு எங்கேயாவது வாய்தா வாங்கி நின்றாக வேண்டும்.

இன்னொரு கேலியும் உண்டு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் "ஆந்திரா லா" என்று சிரிப்பார்கள். வகுப்புக்கே போகாமல் பரீட்சைக்கு மட்டும் கார் பிடித்து வந்து பட்டம் வாங்கிப் போனவர்களால் வந்த பெயர் அது. சென்னை உயர் நீதிமன்றம்கூடப் பெயரளவில் மட்டும் இயங்கும் இத்தகைய 'லெட்டர்பேட்' கல்லூரிகளைக் கண்டித்திருக்கிறது. அந்தக் கடைகள் பெரும்பாலும் தனியாருடையவை. அவற்றின் அழுக்கை, வருகைப் பதிவேடு போட்டு வகுப்பு நடத்தும் அரசுப் பல்கலைக்கழகத்தின் மீது பூசுவது என்ன நியாயம்?

அரசுக் கல்லூரியில் குறை இல்லையா? இருக்கிறது. பேராசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும், நூலகத்தில் பழைய பதிப்பு தூசி தின்னும். சென்னை சட்டக் கல்லூரியில் 2008 நவம்பரில் போலீஸ் பார்த்து நிற்க மாணவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டதை யாரும் மறக்கவில்லை. அதற்காகக் கல்லூரியைக் கைவிடுவதா, காலியிடத்தை நிரப்பு என்று சட்டசபை உறுப்பினரைப் பிடித்து உலுக்குவதா?

சேரும் வழியும் கடினமில்லை. ஆந்திரச் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வான 'லாசெட்' கேள்வித்தாள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் வரும். 120 கேள்வி, ஒன்றரை மணி நேரம், தப்புக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை. இடங்களில் 85 விழுக்காடு உள்ளூர்ப் பகுதிப் பிள்ளைகளுக்கு. கம்பெனிச் சட்டத்தில்தான் போவேன் என்கிறவர் தாராளமாகக் கிளாட் எழுதட்டும். மற்றவர்கள் சேர்வதற்கு முன் திருப்பதிக்கு ஒரு நாள் போய், மதியம் இரண்டு மணிக்கு மேல் வகுப்பு நடக்கிறதா, மாணவர்களைக் கோர்ட்டுக்கு அனுப்புகிறார்களா, எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் என்று கடைசி வருடப் பிள்ளைகளையே கேட்டுவிட்டு வரட்டும். கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டாம். அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.