லாரியின் முதுகில் ஓர் எச்சரிக்கை!

பெரம்பலூர் வழியாகத் திருச்சிக்கோ சென்னைக்கோ பஸ்ஸில் போயிருப்பீர்கள். முன்னால் போகும் டேங்கர் லாரியின் முதுகைக் கவனித்ததுண்டா? சாய்சதுரக் கட்டம், அதற்குள் தீ ஜுவாலை, பக்கத்தில் நான்கு இலக்க எண். 'ஏதோ ஆர்.டி.ஓ. சமாச்சாரம், நமக்கெதுக்கு?' என்று கண்ணை மூடிக்கொள்கிறோம். அங்கேதான் தப்பு!

2025 நவம்பரில், அரியலூர் பக்கம் வாரணவாசியில் சமையல் காஸ் சிலிண்டர் ஏற்றி வந்த லாரி கவிழ்ந்து தீப்பிடித்தது. சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடித்தன. நம் அடுப்படிக்கு வருகிற அதே சிலிண்டர்கள்தான்!

அரியலூர் சிமென்ட் பூமி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு வெடிபொருள் வந்தாக வேண்டும். லாரிகளுக்கு டீசல் வேண்டும். வீட்டுக்கு காஸ் வேண்டும். எல்லாம் நம் ஊர்ச் சாலை வழியாகத்தான் வருகின்றன. வரவேண்டாம் என்று சொல்ல முடியுமா?

அதற்காகத்தான் ஐக்கிய நாடுகள் சபை 1956-லேயே பரிந்துரைகள் வகுத்தது. ஆபத்தான சரக்குகள் மொத்தம் ஒன்பது வகுப்பு. வெடிபொருள் 1, வாயு 2, தீப்பற்றும் திரவம் 3, தீப்பற்றும் திடப்பொருள் 4, தீயைத் தூண்டுபவை 5, விஷமும் நோய்க்கிருமியும் 6, கதிரியக்கம் 7, அரிக்கும் அமிலங்கள் 8, மற்றவை 9. நான்கு இலக்க எண், சரக்கின் அடையாளம். 1203 என்றால் பெட்ரோல். 1075 என்றால் சமையல் காஸ். உலகம் முழுக்க இதே எண்தான்.

நம் நாட்டிலும் 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள் இந்தப் பலகையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. டிரைவருக்குத் தனிப் பயிற்சியும் உண்டு. பெட்ரோல் வண்டியில் '3ஒய்இ' என்று ஒரு குறியீடு இருக்கும். 3 என்றால், நுரையால் அணைக்க வேண்டும். கடைசி எழுத்தான 'இ', அக்கம்பக்கத்து ஜனங்களை அப்புறப்படுத்துவது பற்றி யோசிக்கச் சொல்கிறது.

சரி, இதெல்லாம் யாருக்குப் புரியும்? தீயணைப்பு வீரருக்குப் புரியும். ஆனால், அவர் வருவதற்கு முன்பே ஓடி வருவது டீக்கடையில் நிற்கும் நம் ஜனங்கள்தானே! பலகையில் 'அருகே வராதே, காஸ்!' என்று பெரிய தமிழ் எழுத்திலும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சாலை விதி சொல்லித் தரும்போது இந்த ஒன்பது வகுப்பையும் சொல்லித் தரலாமே? பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

2017-ல் பாகிஸ்தானின் பகவல்பூர் அருகே டேங்கர் கவிழ்ந்தது. சிந்திய பெட்ரோலைக் குடத்தில் பிடிக்க ஓடினார்கள் ஜனங்கள். தீப்பற்றி இருநூறு பேருக்கு மேல் பலியானார்கள். குடம் தூக்குவது நம் ஊரிலும் நடக்காததா, சொல்லுங்கள்!

ஆகவே, வண்டி கவிழ்ந்தால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். பீடி, தீப்பெட்டி, வண்டி ஸ்டார்ட் செய்வது... எதுவும் வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கமாக விலகிப் போங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டுப் பக்கம் போவதே நல்லது. எட்ட வந்த பிறகு 112-க்குப் போன் செய்யுங்கள். தூரத்திலிருந்தே பலகை எண் தெரிந்தால், அதையும் சொல்லுங்கள். எண்ணைப் படிப்பதற்காகக் கிட்டே போகக்கூடாது!

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. ஒன்றோடொன்று சேராத சரக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதும் இந்த விதிகளில் முக்கியமானது. நாமோ பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பையில் போட்டு, டி.வி.எஸ். 50-ல் மாட்டிக்கொண்டு வருகிறோம்! இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின். நுரையீரலையே பதம் பார்த்துவிடும். தனித்தனியாக வாங்கி வாருங்கள், தனித்தனியாகவே வையுங்கள்.

லாரிக்காரருக்கு மட்டும்தான் விதியா என்ன? நம் கைப்பைக்கும் உண்டு!