மலடி என்று சொல்லும் முன் மாப்பிள்ளையைச் சோதியுங்கள்!



கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டால் போதும், நம் தெருக்களில் விசாரணை தொடங்கிவிடுகிறது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி அந்தப் பெண்ணிடம்தான் கேட்கப்படுகிறது. இரண்டாவது வருடம் அவளை டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். மூன்றாவது வருடம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஊசி, மாத்திரை. நான்காவது வருடம் 'மலடி' என்ற பட்டம். ஐந்தாவது வருடம் பையனுக்கு வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பையன் ஒரு தடவையாவது லேப் வாசலை மிதித்தானா என்று கேட்டுப் பாருங்கள். "எம் புள்ளைக்கு என்ன குறை? ஆம்பளச் சிங்கம்!" என்று உம்மா சொல்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சிங்கமாகவே இருக்கட்டும். ஆனால் தாம்பத்தியத்தில் குறையில்லாதவனுக்கும் விந்தில் உயிரணு இல்லாமல் போகலாம். பார்வைக்கு விந்து விந்தாகவே இருக்கும். அதில் அணு இருக்கிறதா, எத்தனை இருக்கிறது, நீந்துகிறதா என்பதை மைக்ராஸ்கோப் மட்டுமே சொல்லும். நூறு ஆண்களில் ஒருவருக்கு விந்தில் ஓர் அணுகூட இருப்பதில்லை. குழந்தையில்லாத தம்பதிகளின் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இது நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை போகிறது. அவர்களில் பெரும்பாலோர் திடகாத்திரமானவர்கள், மீசை முறுக்குகிறவர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர், அதாவது 17.5 சதவீதம் பேர், வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார்கள் என்கிறது அது. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசம் அதில் பெரிதாக இல்லை. இப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. சிலரிடம் ஆண் பக்கம் மட்டும். பலரிடம் இருவர் பக்கமும். ஆகவே அமெரிக்காவின் சிறுநீரக மருத்துவர் சங்கமும் இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கணவன் மனைவி இருவரையும் ஒரே நேரத்தில் சோதிக்கத் தொடங்க வேண்டும் என்கிறது. அவளைப் பார்த்து முடித்துவிட்டு, அதற்கப்புறம் இவனைப் பார்க்கலாம் என்பதல்ல.

சோதனைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்ணுக்குக் கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க கர்ப்பப்பை வாய் வழியாக மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அந்த வலி அவளுக்குத்தான் தெரியும். அதிலும் விளங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் துளை போட்டு, லேப்ராஸ்கோப்பி. ஆணுக்கோ ஒரு சின்ன டப்பா! ஊசி இல்லை, கத்தி இல்லை, சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது. சுலபமானதும் மலிவானதும் எதுவோ அதைத்தானே எந்த வியாபாரியும் முதலில் பார்ப்பான்? சரக்கு விஷயத்தில் உள்ள இந்தப் புத்தி சம்சார விஷயத்தில் எங்கே போனது?

காலமும் இதில் ஒரு பொருள்தான். பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே உருவாகிவிட்டவை. வருடம் போகப் போக அவை குறையும், தரமும் குறையும். முப்பத்தைந்துக்குப் பிறகு வேகமாகக் குறையும். கணவனுக்கு வெட்கம் என்பதற்காக ஐந்து வருடம் வீணாகப் போனால், இழந்தது அவளுடைய ஐந்து வருடம்.

வெளிநாட்டில் சம்பாதிக்கும் சகோதரர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்து, தடுப்பு எதுவும் இல்லாமல் கூடியும் கரு தங்காவிட்டால்தான் மருத்துவம் அதைக் குழந்தையின்மை என்கிறது. நீங்கள் கல்யாணம் முடித்து மூன்று மாதத்தில் துபாய்க்கோ தம்மாமுக்கோ விமானம் ஏறினீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. ஐந்து வருடத்தில் நீங்கள் சேர்ந்து இருந்தது ஏழு மாதம்! அதிலும் ஒவ்வொரு மாதமும் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் ஏறத்தாழ ஆறுதான். மருத்துவம் கேட்கும் பன்னிரண்டு மாதமே உங்களுக்கு இன்னும் நிறையவில்லை. ஊரோ "அஞ்சு வருசமாச்சு" என்று உங்கள் மனைவியைப் பேசிக்கொண்டிருக்கிறது.

சரி, சோதனைக்குப் போவதென்றால் எப்படிப் போவது? இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் இல்லறத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் லேப்பில் சேர வேண்டும். அதைக் கையால் எடுப்பது கூடுமா என்று இளைஞர்கள் காதோடு காதாகக் கேட்கிறார்கள். மனைவியின் ஒத்துழைப்போடு வீட்டில் எடுத்து, உடல் சூட்டிலேயே வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இதற்கென்றே உள்ள உறையும் கிடைக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண உறை வேண்டாம். அதில் தடவியிருக்கும் பொருள் அணுக்களைக் கெடுக்கும். ஆக, வழி இருக்கிறது. 'ஹராம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இங்கே இடமில்லை.

முடிவைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லி லிட்டரில் ஒரு கோடியே அறுபது லட்சம் அணுக்கள் என்பதைக் கீழ் எல்லையாக வைத்திருக்கிறது. அதற்குக் குறைந்தவர்களும் தகப்பன் ஆகியிருக்கிறார்கள். கூடியவர்களும் ஆகாமல் இருந்திருக்கிறார்கள். ஓர் அணு உருவாக இரண்டரை மாதம் பிடிக்கும். ஆகவே இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டைக் கெடுத்துவிடும். முடிவு சரியில்லை என்றால் மறுபடியும் ஒரு முறை சோதிக்க வேண்டும். ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதக் கூடாது.

ஆண்களின் அணு எண்ணிக்கையே உலகம் முழுவதும் குறைந்து வருகிறது என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஹகாய் லெவின் என்பவரின் குழு 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், 1973 முதல் 2018 வரையிலான காலத்தில் அது பாதிக்கும் கீழாக இறங்கியிருப்பதாகக் கணக்கிட்டார்கள். அந்தக் காலத்தில் எண்ணிய முறையும் இப்போது எண்ணும் முறையும் ஒன்றா என்று மற்ற ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். அந்தச் சர்ச்சை நடக்கட்டும். உலகத்துச் சராசரி நமக்கு எதற்கு? உங்கள் எண்ணிக்கை என்ன என்பதே உங்கள் வீட்டுக் கேள்வி.

சோதனைக்குப் போனால் வேறு நோயும் வெளிப்படும். விதைப்பையில் நரம்பு புடைத்துக்கொள்ளும் வேரிக்கோசீல் ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருக்கிறது. குழந்தையில்லாதவர்களில் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கும் மேல். சிறிய அறுவை சிகிச்சையில் பலருக்கு எண்ணிக்கை உயர்கிறது. கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து சர்க்கரை வியாதியைச் சேர்த்துக்கொண்ட வியாபாரிகளே, உங்களுக்கு ஒன்று தெரியுமா? சர்க்கரையால் நரம்பு கெட்டுப்போனால் விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் திரும்பிவிடும். மூத்திரத்தைச் சோதித்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறக்கும் ஆண்கள் உண்டு. அவர்களில் பலருக்கு அது தெரிவதே குழந்தையில்லை என்று சோதிக்கப் போகும்போதுதான்.

டென்மார்க்கில் 78,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் பழைய விந்துப் பரிசோதனைகளை எடுத்து, ஐம்பது வருடம் வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2025-இல் வெளிவந்தது. நீந்தும் அணுக்கள் மொத்தம் பன்னிரண்டு கோடிக்கு மேல் இருந்தவர்கள், ஐம்பது லட்சத்துக்குக் குறைவாக இருந்தவர்களை விட 2.7 வருடம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். அணு குறைவதுதான் ஆயுளைக் குறைக்கிறது என்று இதற்குப் பொருளல்ல. உள்ளே வேறு ஏதோ கோளாறு இருப்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். ஆக, மனைவிக்காகப் போகாதவன் தன் உயிருக்காகவாவது போகலாமே!

ஜிம்முக்குப் போகும் இளைஞனே, உன்னிடமும் ஒரு வார்த்தை. புஜம் பெருக்க டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறாயா? ஆண்மை கூடும் என்று உன் பயிற்சியாளர் சொன்னாரா? அதே ஊசியைத்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்துப் பார்த்தது! வாரம் ஒரு ஊசி போட்ட ஆண்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தில் அணுவே இல்லாமல் போனது. 1990-இல் லான்செட் இதழில் அந்த முடிவு வெளிவந்தது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்து இறங்கியதும், போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணி மூளையடிச் சுரப்பி தன் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விதைப்பை வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு வருடத்துக்கும் மேல்.

சிகரெட்டும் அணுக்களைக் கெடுக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லேகியம், பவுடர், 'வீரிய' மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றை நம்மவர்களே விற்கிறார்கள், நம்மவர்களே வாங்குகிறார்கள். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அணுவைப் பெருக்கும் என்று உலகம் முழுவதும் விற்றார்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் சோதித்து 2020-இல் முடிவைச் சொன்னார்கள்: அணுவும் பெருகவில்லை, பிள்ளையும் கூடவில்லை. ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட மாத்திரையின் கதியே இது. என்ன கலந்திருக்கிறது என்றே எழுதாத டப்பாவுக்கு நீங்கள் ஏன் பணத்தை இறைக்கிறீர்கள்?

அணு மிகக் குறைவாக இருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. ஒரே ஓர் அணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை 1992-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. விந்தில் அணு இல்லாத சிலருக்கு விதையிலிருந்தே எடுக்கிறார்கள். கணவனின் அணு, மனைவியின் முட்டை, மனைவியின் கருப்பை, இடையில் மூன்றாம் ஆள் இல்லை என்ற நிபந்தனையோடு இதை அனுமதிக்கலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986-இல் அம்மானில் கூடி முடிவெடுத்திருக்கிறது. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்குகிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

பெண்களிடம் குறையே இருக்காது என்று நாம் வாதாடவில்லை. சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு எட்டு முதல் பதின்மூன்று பேருக்கு இருக்கிறது. அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது. இருவரும் சேர்ந்து போங்கள் என்பதே நம் கோரிக்கை.

மார்க்கத்தின் பெயரால் பெண்ணை மட்டும் குற்றம் சாட்டுகிறவர்கள் ஷூரா அத்தியாயத்தின் 49, 50-ஆம் வசனங்களை எடுத்துப் பார்க்கட்டும். பிள்ளைப்பேறு அற்றவராக ஆக்கப்படுவதைப் பற்றிச் சொல்லும்போது அங்கே பெண் என்று பிரிக்கப்படவில்லை. பொதுவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு பெண்ணை மணந்துகொண்ட ஒருவர் தமக்குப் பிள்ளை பிறக்காது என்பதை அவளிடம் சொல்லவில்லை என்று தெரிந்தபோது, அவளிடம் போய்த் தெரிவித்து முடிவை அவளிடமே விடும்படி உமர் (ரலி) அவர்கள் உத்தரவிட்ட செய்தியை இப்னுல் கய்யிம் 'ஸாதுல் மஆத்' நூலில் குறிப்பிடுகிறார்கள். மைக்ராஸ்கோப் இல்லாத காலத்திலேயே ஆணிடம் குறை இருக்கும் என்பதும், அதை மறைக்கக் கூடாது என்பதும் ஏற்கப்பட்டிருக்கிறது!

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இதுதான். பிள்ளையில்லை என்ற காரணத்தைச் சொல்லி தலாக்குக்கோ இரண்டாம் திருமணத்துக்கோ ஒருவர் வந்து நின்றால், அவருடைய விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் இல்லாமல் பேச்சையே தொடங்காதீர்கள். ஒன்றல்ல, சில வார இடைவெளியில் எடுத்த இரண்டு ரிப்போர்ட். இருவரும் சேர்ந்து வாழ்ந்த மாதங்களை பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கூட்டுங்கள். பன்னிரண்டு தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

ஓர் ஆணின் அந்தரங்கத்தைச் சபையில் வைப்பதா என்று சிலர் சீறுவார்கள். அவளுடைய மாதவிலக்குத் தேதி வரை அதே சபையில் பேசப்பட்டபோது இந்தச் சீற்றம் எங்கே இருந்தது? அப்படியும் ரிப்போர்ட்டைச் சபையில் படிக்க வேண்டியதில்லை. ஊரில் நம்பகமான ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, குறை இருக்கிறது, இல்லை என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும். அந்த ஒரு வரியை மனைவிக்கும் அவள் வாப்பாவுக்கும் தெரிவித்துவிட்டுப் பேச உட்காருங்கள். இதைத் தீர்மானமாக எழுதி நிக்காஹ் தஃப்தரோடு வைக்க ஒரு நிர்வாகக் கூட்டம் போதும். உங்கள் மஹல்லாவில் அடுத்த கூட்டம் என்றைக்கு?