எழுத்தைக் கலைச்சா இங்கிலீஷ் வந்துடுமா?

எங்க புனே சொசைட்டியில ஞாயித்துக்கிழமை காலையில இப்பல்லாம் கிரிக்கெட் சத்தமே கேக்கறதில்லை. பசங்க எல்லாம் வார்த்தை கிளாஸுக்குப் போயிடறாங்க. ஏழு எழுத்தைக் கொடுப்பாங்களாம், அதுல இருந்து எத்தனை இங்கிலீஷ் வார்த்தை வருதுன்னு கண்டுபிடிக்கணுமாம். ரெண்டெழுத்து வார்த்தை மட்டும் 100-க்கு மேல மனப்பாடம். ஃபீஸ் எவ்வளவுன்னு கேக்காதீங்க, வயித்தெரிச்சல்.

அதோட விட்டிருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டேன். "ஆறு மாசம் வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, அப்பதான் வார்த்தை டக்குனு வரும்"னு பெத்தவங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க. நம்ம ஜனங்களும் மண்டையை ஆட்டிட்டு வந்தாச்சு. மூணாவது மாடியில கும்பகோணத்துல இருந்து வந்த ஒரு பாட்டி இருக்காங்க. பேரன் அவங்ககிட்ட 'யெஸ், நோ'ன்னு பேசறான். பாட்டி டிவியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

சரி, கிளாஸ்ல சொல்ற மாதிரி இதால இங்கிலீஷ் வருதா? உலகத்துலயே பெரிய ஸ்கிராபிள் ஆட்டக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், நியூஸிலாந்துக்காரர். 2015-ல ஃபிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில ஜெயிச்சார். அவருக்கு ஃபிரெஞ்சு பேச வராது! சில வாரம் உக்காந்து வார்த்தைப் பட்டியலை முழுங்கிட்டுப் போனார், அவ்வளவுதான். 2024-ல ஸ்பானிஷ்லயும் இதே கதை. கோப்பையை வாங்கிக்கிட்டு ஒரு காபி ஆர்டர் பண்ணணும்னா மனுஷன் சைகைதான் காட்டணும் :-)

கம்ப்யூட்டர் இதை எப்படிச் செய்யுதுன்னு பாத்தா இன்னும் தெளிவாயிடும். ஒவ்வொரு வார்த்தையோட எழுத்தையும் அகர வரிசையில அடுக்கி வெச்சுக்கும். குடிக்கிற டீ, சாப்பிடற ஈட், சாப்பிட்டு முடிச்ச ஏட், மூணுக்கும் அடுக்கினா ஏ-ஈ-டி தான். நீங்க எழுத்தைக் கொடுத்தா அதையும் அடுக்கும், ஒத்துப் போறதை எடுத்து நீட்டும். வேற வேற எழுத்து ஏழு இருந்தா 5040 விதமா மாத்தி வைக்கலாம். அது அத்தனையும் எழுதிப் பாக்கக்கூட வேண்டாம். இதுல டீன்னா சூடா இருக்கும்னு அதுக்குத் தெரியவே வேண்டியதில்லை. நம்ம பசங்களை இதுக்குத்தான் பழக்கிட்டிருக்கோம்.

கிளாஸுக்குப் போற பக்கத்து ஃபிளாட் பொண்ணு போர்டுல க்யூவையும் ஐயையும் சேத்து 'ச்சி'ன்னு வெச்சா. என்னம்மா அர்த்தம்னேன். "பதினோரு பாயிண்ட் அங்கிள்"! சீனாக்காரங்க உயிர்மூச்சுக்குச் சொல்ற பேரும்மா, உங்க தாத்தா காலையில மூக்கைப் பிடிச்சுக்கிட்டு பிராணாயாமம் பண்றாரே, அந்தப் பிராணன் மாதிரின்னு தமிழ்ல சொன்னேன். அரை நிமிஷம் ஆகலை. இனி அந்த வார்த்தை அவளை விட்டுப் போகுமா?

"அமெரிக்காவுல நம்ம பசங்க ஸ்பெல்லிங் பீ ஜெயிக்கறாங்களே"ன்னு ஒருத்தர் மல்லுக்கு வந்தார். ஜெயிக்கறாங்க சார், 1985-ல பாலு நடராஜன் ஆரம்பிச்சு வெச்சது. ஆனா அங்க மேடையில நிக்கற பிள்ளை என்ன கேக்குதுன்னு கவனிங்க. வார்த்தைக்கு அர்த்தம் என்ன, எந்த மொழியில இருந்து வந்தது, ஒரு வாக்கியத்துல சொல்லுங்கன்னு கேக்கும். 2013-ல இருந்து அர்த்தத்துக்குன்னே தனியா கேள்வி வெச்சுட்டாங்க. நம்ம கிளாஸ்ல எடுத்து வீசினது அந்தப் பாதியைத்தான்.

எனக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும், அதையும் சொல்லிடறேன். 1930-கள்ல வேலை போன ஆல்ஃபிரட் பட்ஸ்னு ஒரு ஆர்க்கிடெக்ட், பேப்பர்ல எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணி எண்ணிச் செஞ்ச ஆட்டம். 100 வில்லையில எஸ் நாலே நாலுதான், ஏன்னா பன்மை போட்டுப் போட்டே ஆட்டத்தை ஓட்டிடுவோம்னு அவருக்குத் தெரியும். அருமையான மூளை வேலை. கணக்குக்குக் கிட்டத்துல வர்ற வேலை. செஸ் கத்துக்க அனுப்பற மாதிரி அனுப்புங்க, யார் வேண்டாம்னா? அதுக்காக வீட்டுத் தமிழை எதுக்கு வாய்தா வாங்கச் சொல்றீங்க?

எங்க வீட்ல தங்கமணி போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு. வார்த்தையை வெச்சவங்க அர்த்தத்தைத் தமிழ்ல சொல்லணும், இங்கிலீஷ்ல ஒரு வாக்கியமும் சொல்லணும். ரெண்டும் வரலைன்னா பாயிண்ட் கிடையாது. ஆட்டம் மெதுவாத்தான் போகும், சண்டையும் வரும். போகட்டுமே.

இன்னொண்ணு. வெட்டிவேர் இங்கிலீஷ் அகராதியில இருக்கு, அவங்க ஸ்பெல்லிங்ல சரியா ஏழெழுத்து. ஏழு வில்லையையும் ஒரே மூச்சுல வெச்சா 50 போனஸ், எழுத்துக்கு 13. கலர் கட்டம் எதுவும் மாட்டாமலே 63 பாயிண்ட். கஞ்சியும் கட்டுமரமும்கூட அங்க குடியேறி ரொம்ப நாளாச்சு. இதையெல்லாம் பசங்களுக்கு யார் சொல்லுவா? மூணாவது மாடிப் பாட்டிக்கு வெட்டிவேர் வாசனை தெரியும், பானையில எவ்வளவு போடணும்னும் தெரியும்.

வர்ற ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க கிளப் ஹவுஸ்ல போர்டை விரிக்கறோம். புனேல இருக்கறவங்க பசங்களைக் கூட்டிட்டு வாங்க, வீட்ல பெரியவங்க இருந்தா கட்டாயம் அவங்களையும். ஃபீஸ் கிடையாது. சுண்டல் உண்டு.