மண்ணைக் கேளாத அனுமதி

மைசூருக்குத் தூய்மைப் பெருமை புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் தாக்கியபின், 1903இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைத்து, நெரிசலைக் குறைத்துப் புதிய குடியிருப்புகளை வகுத்த நகரம் இது. 2016ஆம் ஆண்டின் தூய்மைக் கணக்கெடுப்பில் 73 நகரங்களுள் முதலிடம் பெற்றதும் இதுவே. எனினும் அப்பெருமை பாதாளச் சாக்கடையின் கடைசிக் குழாயோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால், நேற்றுவரை ராகியும் அவரையும் விளைந்த நிலங்களில் வீட்டுமனைகள் பெருகியுள்ளன. அங்கே ஒவ்வொரு வீட்டின் கழிவுக்கும் அந்தந்த வீட்டின் அடிமண்ணே பொறுப்பேற்கிறது. அம்மண்ணால் அது இயலுமா என்று யாரும் கேட்பதில்லை.

கர்நாடக கிராம சுயராஜ்ய, பஞ்சாயத்து ராஜ் சட்டம், 1993இன் 64ஆம் பிரிவின்படி, பஞ்சாயத்தின் அனுமதியின்றி வீடு கட்டலாகாது. ஆகவே அதிகாரம் இல்லை என்று எவரும் கைவிரிக்க முடியாது. பத்திரம், எல்லை, சாலை, மாடிகளின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் பார்க்கும் அவ்வனுமதி, நடைமுறையில் மண்ணை மட்டும் பார்ப்பதில்லை. வரைபடத்தின் மூலையில் ‘செப்டிக் டேங்க்’ என்று ஒரு கட்டம் வரையப்பட்டிருந்தால் போதும்.

செப்டிக் டேங்க் என்பது சுத்திகரிப்பில் பாதி மட்டுமே. திடக்கழிவு அதன் அடியில் தங்குகிறது. கிருமிகளும் நைட்ரஜனும் நிறைந்த நீர் வெளியேறுகிறது. மீதிப் பாதியைச் செய்ய வேண்டியது உறிஞ்சுகுழியைச் சூழ்ந்த மண். மைசூர் வட்டாரத்தின் மண்ணோ இருவகையில் ஏமாற்றக்கூடியது. செம்மண் மெல்லியதாக, சிதைந்த பாறையின்மேல் படிந்திருக்கும் இடங்களில் நீர் விரைந்து இறங்கிப் பாறை வெடிப்புகளை அடைந்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணறுகள் நீர் எடுப்பதும் அவ்வெடிப்புகளிலிருந்துதான். நஞ்சன்கூடு, தி. நரசிபுரம் வட்டங்களின் கரிசல் திட்டுகளில் நிலைமை நேர்மாறானது. ஈரம் பட்டதும் உப்பி இறுகும் அம்மண் நீரை ஏற்க மறுக்கிறது; கழிவுநீர் தெருவோர வாய்க்காலுக்கும் ஏரிக்கும் செல்கிறது. முன்னதில் கேடு கண்ணுக்குத் தெரியாது, பின்னதில் தெரியும். இவ்விரு மண்ணுக்கும் ஒரே வரைபடத்தை அனுமதிப்பது நிர்வாகம் ஆகாது.

இதற்கான விதி இல்லாமல் இல்லை. இந்தியத் தர நிர்ணயம் 2470இன் இரண்டாம் பகுதி 1985 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிலத்தில் சிறு குழி தோண்டி, நீர் ஊற்றி மண்ணை ஊறவிட்டு, பின்னர் நீர்மட்டம் 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளக்கச் சொல்கிறது அது. 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி தகும். 60 நிமிடத்தையும் தாண்டினால் மண்ணை நம்பலாகாது, வேறு சுத்திகரிப்பு வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்பதும் விதி. இப்பகுதியில் பரவலாக விற்கப்படும் முப்பதுக்கு நாற்பதடி மனையின் மூலைவிட்டம் 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர். அம்மனைக்குள் உறிஞ்சுகுழியையும் போர்வெல்லையும் எந்த மூலையில் வைத்தாலும் விதி மீறப்படுகிறது. அண்டை வீட்டுப் போர்வெல்லின் கணக்கு தனி.

விளைவுகள் கற்பனையல்ல. 2024 மே மாதம் மைசூர் வட்டத்தின் சாலுண்டி கிராமத்தில் குடிநீரில் கழிவு கலந்து வயிற்றுப்போக்கு பரவியது. ஓர் இளைஞர் உயிரிழந்தார், பலர் நோயுற்றனர். நகரம் தன் எல்லையில் தள்ளிய கழிவின் விலையை ஒரு கிராமம் கொடுத்தது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, கர்நாடகத்தில் ஆய்வுசெய்த மாதிரிகளில் ஏறத்தாழ பாதியில் நைட்ரேட் வரம்பை மீறியிருந்தது. உரத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் வயலே இல்லாத மனைப்பிரிவின் நைட்ரேட்டுக்கு உழவரைக் குற்றம் சொல்ல இயலாது.

ஏழைகளுக்குச் சோதனை சுமையாகும் என்பது வழக்கமான மறுப்பு. அச்சோதனைக்குத் தேவை ஒரு மண்வெட்டி, சில குடம் நீர், ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம், இரண்டு நாள் பொறுமை. மருத்துவச் செலவைவிட இது மலிவு. பாதாளச் சாக்கடை வரத்தானே போகிறது என்பது இன்னொரு மறுப்பு. ஹூட்டகள்ளி நகரசபையானதும், போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகொளா ஆகியவை பட்டணப் பஞ்சாயத்துகளானதும் 2020இல். பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் குழாய்கள் வருவதில்லை. அதுவரை கழிவு காத்திருப்பதுமில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மண் மதிப்பீடும் நீர் இறங்கும் சோதனையும் இன்றிப் புதிய செப்டிக் அமைப்புக்கு அனுமதி கிடையாது. தகுதியற்ற நிலம் தகுதியற்றது என்று அங்கே எழுதித் தரப்படுகிறது.

மண் ஏற்காத தொட்டி விரைவில் நிரம்பும். பாதுகாப்புக் கருவிகளின்றி அதனுள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இருந்தும் இந்நாட்டில் இறக்கப்படுபவர் யார், எந்தச் சாதியினர் என்பது அனைவரும் அறிந்ததே. ஆகவே மண்ணைச் சோதியாத அனுமதி நீரை மட்டுமன்றி மனித உயிரையும் பணயம் வைக்கிறது.

செய்ய வேண்டியவை மூன்று. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் முன்பே மண்சோதனை முடிவு கோப்பில் இருக்க வேண்டும். மண் மறுக்கும் இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு அமைப்பை மனை விற்பவரே கட்டித்தர வேண்டும். மனை வாங்கிய குடும்பத்தின் தலையில் அதைச் சுமத்தலாகாது. தொட்டிக் கசடை இயந்திரத்தால் அகற்றிச் சேர்க்க, தேவனஹள்ளியில் 2015இலேயே அமைந்ததைப் போன்ற கசடு சுத்திகரிப்பு நிலையம் வட்டந்தோறும் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும்வரை பஞ்சாயத்து முத்திரையிடும் ஒவ்வொரு தாளும், பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கெடுக்க வழங்கப்படும் அனுமதியே.